ஜாமீன்காரர் வீடு

எழுபதுகளில் மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்த தெருவில் மாதச் சம்பளம் வாங்குகிற ஆள் என் கணவர் ஒருவர்தான். மற்றவர்கள் பஜார் ரோட்டில் மூட்டை சுமந்தார்கள், ஓட்டல்களில் மாவாட்டினார்கள், கைவண்டியில் காய்கறி விற்றார்கள். எல்லோரும் எங்களைப் போலத் தமிழ்க் குடும்பங்கள்தான். அவர் மட்டும் கார்ப்பரேஷனில் ரோடு போடும் பிரிவில் நிரந்தர ஊழியர். தாரும் சல்லியும் சுமக்கிற வேலைதான் என்றாலும் முதல் தேதி சம்பளம் வந்துவிடும். அதனால் தெருவில் அவருக்கு ஒரு மதிப்பு இருந்தது. அவருடைய கையெழுத்துக்கும் ஒரு மதிப்பு இருந்தது.

ஊழியர்களுக்கென்று ஒரு கடன் சொசைட்டி உண்டு. அதில் ஒருவர் கடன் வாங்க வேண்டுமானால் நிரந்தர ஊழியர்கள் இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். கேட்டு வருகிறவர்கள் சாயங்காலமாக, காகிதப் பொட்டலத்தில் நேந்திரங்காய் உப்பேரி வறுவலோடு வருவார்கள். அவர் தென்காசிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கொச்சிக்கு வந்தவர். மலையாளம் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். நான் இங்கேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புவரை படித்தவள். தமிழ் எழுத்து அம்மாவிடம் கற்றது. வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். அவர் ஜாமீன் போட்ட தாள்களை மட்டும் நான் படித்ததில்லை. அவை ஆபீசிலேயே முடிந்துவிடும்.

அவரோடு ஒரே கேங்கில் வேலை பார்த்த கூட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவரும் தென்காசிப் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிடுவார், என்னை அண்ணி என்று கூப்பிடுவார். மூன்று பேரோடு சேர்ந்து ஒரு மீன்பிடி போட்டில் பங்கு வாங்குவதற்காக அவர் சொசைட்டியில் பெரிய தொகை கடன் எடுத்தார். என் கணவர் ஜாமீன் போட்டார். போட்டின் எஞ்சின் கெட்டது, பழுது பார்க்க வட்டிக்கு வாங்கினார், மறுபடியும் கெட்டது. ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. சுள்ளிக்கலில் அவர் குடியிருந்த வீட்டைப் போய்ப் பார்த்தால் பூட்டியிருந்தது. வாசலில் ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்களாம்.

சில மாதம் கழித்து சொசைட்டியிலிருந்து நோட்டீஸ் வந்தது. என் கணவர் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் படித்தேன்.

"என்ன எழுதிருக்கு?"

"உங்க கூட்டுக்காரரு லோனு அடைக்கலையாம். நீங்க அடைக்கணுமாம்."

"நான் எதுக்கு அடைக்கணும்? நான் வாங்கலையே."

"ஜாமீன் போட்டிருக்கீங்கல்லா."

"அது சும்மா ஒரு கையெழுத்துதானே?"

அந்தப் பணத்தில் நாங்கள் ஒரு சாயா கூடக் குடித்ததில்லை.

மறுநாள் நானும் அவரோடு சொசைட்டி ஆபீசுக்குப் போனேன். செயலாளர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, காகிதங்களைப் புரட்டிக் காட்டினார். இன்னொரு ஜாமீன்காரர் அந்த வருடமே ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார், அவரிடமிருந்து பிடிக்க இனி வழியில்லை என்றார். "சேட்டன்ற சம்பளத்திலேருந்து பிடிக்கும். வேற ஒண்ணும் செய்யான் இல்ல. கேஸ் கொடுத்தா வக்கீலுக்குக் கொடுக்கணும், ஓடிப்போன ஆளோட விலாசமும் வேணும்" என்று சொன்னார். கடனைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த முதல் ஆலோசனை அதுதான். சும்மா இருங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

பிடித்துக்கொண்டார்கள். சம்பளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீட்டுக்கு வருவது நின்றது. முதலில் மீனைக் குறைத்தேன். பிறகு அரிசியைக் குறைத்து ராத்திரிக்குக் கப்பைக்கிழங்கு வேகவைத்தேன். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கையில் ஒன்றும் இல்லை. கம்பம் பக்கத்திலிருந்து வந்து கொச்சியில் வட்டிக்கு விடுகிற ஒருவர் சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வருவார். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். அவரிடம் வாங்கினோம். பிறகு அந்த வட்டியைக் கட்ட அவரிடமே மறுபடி வாங்கினோம். சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளை எங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்பார். சத்தம் போட்டதே கிடையாது. "தங்கச்சி, இந்த வாரத்துது" என்பார். அவ்வளவுதான்.

அப்போதுதான் நான் தோப்பும்படிப் பக்கத்தில் ஒரு பீலிங் ஷெட்டுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். கம்பெனிகளுக்குப் போகும் இறாலை, இங்கே செம்மீன் என்பார்கள், ஐஸில் வைத்துத் தோல் உரிக்கிற இடம். வரிசையாகக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து நாள் முழுக்கக் கிள்ள வேண்டும். எத்தனை பேசின் கிள்ளினோமோ அதற்குத்தான் கூலி. சாயங்காலம் விரல் நுனிகள் வெளுத்து, தோல் உரிந்து, சோற்றில் கை வைத்தால் உப்பு சுடும். பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளுகிற சேச்சி ஒருத்தி, கடலோரத்துக் கிறிஸ்தவப் பெண், ஒருநாள் என்னைப் பார்த்து, "நீ என்னத்துக்கு எப்பவும் வாய் அசைச்சுக்கிட்டே இருக்க? கணக்கு கூட்டுறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தாளாம். மடத்தில் ஒரு சிஸ்டர் இருக்கிறார், சனிக்கிழமை மத்தியானம் கடன் இருக்கிற பெண்களைப் பார்த்துப் பேசுவார், இந்துக்களும் வரலாம் என்றாள்.

போனேன். மடத்தின் முன்னறையில் ஒரு பெஞ்சில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. என் மேல் செம்மீன் வாடை அடிக்குமே என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். சிஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவராம். பிரார்த்தனை பண்ணு, எல்லாம் சரியாகும் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துத்தான் எதிரே உட்கார்ந்தேன். அவர் மலையாளத்தில் பேசினார். நினைவிலிருப்பதைத் தமிழும் மலையாளமுமாக எழுதுகிறேன்.

"இந்தக் கடன் பற்றி வீட்டில் ஆர்க்கெல்லாம் அறியாம்?"

"எனக்கும் அவருக்கும்."

"மோளுக்கோ?"

"தெரியாது சிஸ்டர். சின்னப் பிள்ளை. அவகிட்ட எதுக்கு?"

"அவளும் அறியணும். பட்டினி அவளுக்கும் உண்டல்லோ."

நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். இடையில் ஒரு தடவைகூடப் பெருமூச்சு விடவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கடைசியில், "அடுத்த வாரம் சேட்டனையும் கூட்டிக்கிட்டு வா. பாதி ஆள் வந்தா பாதி கணக்கே கிட்டும்" என்றார்.

என் கணவர் சரி என்றார், சனிக்கிழமை வந்ததும் கிளம்பவில்லை. "கன்னியாஸ்திரிகிட்டப் போயி என் சம்பளக் கணக்கச் சொல்லணுமா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பான்?" என்று கேட்டார்.

"நாலு பேருக்குத் தெரியாம இருக்குன்னா நெனைக்கீங்க? சனிக்கிழமை சனிக்கிழமை சைக்கிள் வந்து நிக்கி."

மூன்றாவது சனிக்கிழமைதான் வந்தார். கோயில் திருவிழாவுக்குப் போடுகிற சட்டையையும் வெள்ளை வேட்டியையும் உடுத்திக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சிஸ்டர் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். கார்ப்பரேஷனில் என்ன வேலை, காலில் அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டார். சூடான தார் சிந்தியது என்றார். அதற்குப் பிறகுதான் சிஸ்டர் கடன் பேச்சை எடுத்தார். சம்பளம் எவ்வளவு, சொசைட்டிக்குப் பிடிப்பது எவ்வளவு, வீட்டில் கொடுப்பது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனவர் சற்று நிறுத்தினார்.

"சேட்டா, இது ஒத்து வரலையே. சம்பளத்தில் இன்னும் ஒரு பங்கு எங்கோட்டோ போகுது."

இவர் தரையைப் பார்த்தார். முன்னால் ஓவர்டைம் இருந்தது, இப்போது இல்லை, அதனால்தான் கொண்டுவரும் பணம் குறைந்துவிட்டது என்று என்னிடம் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நம்பியிருந்தேன்.

"இன்னொண்ணு உண்டு சிஸ்டர்" என்றார்.

இன்னொரு ஜாமீன். அதே ஆபீசில் டிராலி தள்ளுகிற ஒருவர் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். வைத்தியத்துக்கு சொசைட்டியில் கடன் எடுத்தார்கள். அந்த மனிதர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. வேலையும் போயிற்று. அதற்கும் இவர் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள். அதுவும் முதல் நோட்டீஸ் வந்து, நான் படித்துக் காட்டி, எங்களுக்கு எல்லாம் தெரிந்த பிறகு போட்ட கையெழுத்து.

சிஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. காது அடைத்த மாதிரி இருந்தது. அவர்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசியதில் பாதி என் காதில் விழவே இல்லை.

திரும்பி நடந்து வந்தோம். தோப்பும்படி தாண்டியதும் அவரே ஆரம்பித்தார். "அந்தப் பொம்பள ஆஸ்பத்திரி வராந்தாவுல வச்சுக் கேட்டுச்சு. கையில பச்சப் பிள்ளைய வச்சிக்கிட்டு. நான் என்ன சொல்ல?"

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்."

"அதச் சொல்ல எனக்கு வரமாட்டேங்குது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அவரோடு வாழ்ந்தவள் நான். அவர் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. என்னிடமும்தான். நான் எது கேட்டாலும் சரி என்பார், செய்ய முடியாமல் போனால் மறைப்பார்.

அடுத்த சனிக்கிழமை சிஸ்டர் சொன்ன வழி எளிமையானது. இனி ஒரு பைசா புதிதாகக் கடன் வாங்கக் கூடாது. சொசைட்டிக் கடன் சம்பளத்தில் கழிந்துகொண்டே இருக்கும், அதை நினைத்து ஒன்றும் செய்ய முடியாது, அதனால் அதை விட்டுவிட வேண்டும். ஆளைத் தின்கிறது வட்டிக் கடன்தான், கிடைப்பதையெல்லாம் அதில் போட்டு முதலில் அதை முடிக்க வேண்டும். ஓடிப்போன கூட்டுக்காரரைக் கண்டுபிடிக்க வேண்டும். "முழுசும் கேக்க வேண்டா. மாசம் இத்தனைன்னு கேளு. கொஞ்சம் கொடுத்தாலும் கொடுத்ததுதான்" என்றார். கேட்கும்போது எல்லாம் நடக்கும் போலத்தான் இருந்தது. அன்றைக்கு வீட்டில் மகளையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னோம். பத்தாம் வகுப்பில் இருந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள். எப்படி என்று கேட்டதற்கு, "நீங்க ரெண்டு பேரும் மெள்ளமா பேசுறப்பல்லாம் அதைத்தானே பேசுறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படித்தாள்.

கூட்டுக்காரரை ஆலுவா மார்க்கெட் பக்கம் பார்த்ததாக ஒரு லாரிக்காரர் சொல்லியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். வழியெல்லாம் நான் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய சாக்குகளைத் தைக்கிற ஒரு கொட்டகையில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் கோணி ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. ஒரு காலில் துணி சுற்றியிருந்தது. புண் ஆறவே மாட்டேன் என்கிறது, சர்க்கரை என்கிறார்கள் என்றார். பெண்டாட்டி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். கொட்டகையின் மூலையில் ஒரு பாயும் ஒரு அலுமினியச் சட்டியும் இருந்தன. அங்கேதான் படுக்கிறார்.

அவர் அழுதிருந்தால் நான் பேச நினைத்ததைப் பேசியிருப்பேன். அழவில்லை. கேங்கில் மற்றவர்களெல்லாம் எப்படி இருக்கிறார்கள், மேஸ்திரி இன்னும் அப்படியே ஏசுகிறாரா என்று கேட்டார். பிறகு, "அண்ணி, அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, ஒரு சாயா குடிங்க" என்று சொல்லி எதிர்க் கடையைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். கடைக்காரர் அங்கிருந்தே முடியாது என்று கையை ஆட்டினார். கூட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

என் கணவர் எழுந்து கடைக்குப் போனார். மூன்று சாயா வந்தது. குடித்தோம். பணத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன்.

"கடைக்காரருகிட்ட எவ்வளவு கொடுத்தீங்க?"

"சாயாவுக்கு."

"சாயாவுக்கு மட்டுமா?"

"அவனோட பழைய பாக்கியும் இருந்துச்சு."

இதைச் சிஸ்டரிடம் சொன்னபோது அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்து, "சரி. அந்த வாசல் அடைஞ்சு போச்சு" என்றார்.

வட்டிக்காரரிடம் எங்களோடு சிஸ்டரே வந்தார். செர்லாயிப் பக்கம் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் அண்ணாச்சி தங்கியிருந்தார். கன்னியாஸ்திரி ஒருவர் படியேறி வருவதைக் கண்டதும் பதறிப்போய்ப் பாயைச் சுருட்டிவிட்டு, தன் தகரப் பெட்டியைத் துடைத்து அதில் உட்காரச் சொன்னார். சிஸ்டர் கடைசிவரை நின்றுகொண்டே பேசினார்.

"இவங்க தந்த வட்டியே நீங்க தந்த பணத்துக்கு மேல ஆயாச்சு" என்றார் சிஸ்டர்.

"ஆயிருக்கும் சிஸ்டர். நான் இல்லன்னு சொல்லல. ஆனா நானும் கம்பத்துல ஒருத்தருகிட்ட வட்டிக்கு வாங்கித்தான் இங்க விடுறேன். நான் விட்டுக்கொடுத்தா அவரு விட்டுக்கொடுப்பாரா?"

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார். பாக்கியில் பாதியை இப்போதே மொத்தமாகக் கொடுத்தால், மீதியைப் பத்து மாதத் தவணையில் வட்டியில்லாமல் வாங்கிக்கொள்கிறேன். ஒரு தவணை தப்பினாலும் பழைய கணக்குத்தான். சிஸ்டர் எங்களைப் பார்த்தார். என் கணவர் வழக்கம்போல் சரி என்றார். இந்தத் தடவை நானும் சரி என்றேன்.

நாங்கள் இருந்த வீடு ஒத்திக்கு எடுத்தது. என் கல்யாண நகைகளை விற்று வீட்டுக்காரரிடம் கொடுத்த பணம் அதில் இருந்தது. இருக்கிற சொத்து அது ஒன்றுதான். அதைத் திரும்ப வாங்கி வட்டிக்காரரிடம் பாதியைக் கொடுத்துவிட்டுப் பள்ளுருத்தியில் ஓர் ஒற்றை அறைக்கு வாடகைக்குப் போனோம். மழைக்காலத்தில் வாசல்வரை தண்ணீர் வரும். கட்டில், ரேடியோ, பித்தளை அண்டா எல்லாவற்றையும் விற்றோம். பத்துத் தவணை. அதற்குப் பிறகு சனிக்கிழமை சனிக்கிழமையாகவே இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

தவணைகள் ஒழுங்காகப் போன அந்த மாதங்களில் வீட்டில் ஒரு கலகலப்பு வந்திருந்தது என்பதையும் எழுத வேண்டும். அவர் சாயா குடிப்பதை விட்டுவிட்டு வேலைக்கு நடந்தே போனார். ஒவ்வொரு தவணையும் கொடுத்த அன்று மகள் சுவரில் கரியால் ஒரு கோடு கிழிப்பாள். அவள் பத்தாம் வகுப்பு பாஸானாள். சிஸ்டர் தெரிந்த கல்லூரியில் பேசிப் பிரீடிகிரிக்கு இடமும் வாங்கி வைத்திருந்தார். லீவில் சும்மா இருக்கிறேனே என்று என்னோடு ஷெட்டுக்கு வந்தவள் என்னைவிட வேகமாகக் கிள்ளினாள். அந்த இரண்டு மாதம் தவணை அவள் விரலில்தான் போயிற்று. கல்லூரி திறக்கிற வாரம், "இந்தப் பத்தும் முடியட்டும், அடுத்த வருஷம் போறேன்" என்றாள். சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடனுக்கு வேண்டி என்னை விற்றாலும் அவளை விற்கக் கூடாது என்று நீ பறயணும். நீ அம்மையல்லே?" என்று என்னிடம் சத்தம் போட்டார். நான் மகளிடம் சொன்னேன். மகள், "மூணு தவணைதானே அம்மா" என்றாள்.

அந்த மூன்றைக் கொடுக்க முடியவில்லை. கம்பெனி ஒரு லோடு சரக்கை வாடை இருக்கிறதென்று திருப்பி அனுப்பியது. ஷெட் முதலாளி இரண்டு வாரக் கூலி பாக்கியோடு ஷெட்டைப் பூட்டிவிட்டார். காலையில் போன பெண்களெல்லாம் பேசினைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தோம், யாராவது வந்து திறப்பார்களென்று. யாரும் வரவில்லை. மற்ற ஷெட்டுகளில் ஏற்கெனவே ஆள் அதிகம். அந்த மாதம் வாடகையையும் அரிசியையும் சமாளித்தோம். தவணையைக் கொடுக்க முடியவில்லை.

வட்டிக்காரர் பள்ளுருத்திக்கு வந்தார். சைக்கிளைச் சாய்க்க இடமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "எனக்குப் புரியுது தங்கச்சி. ஆனா பேச்சு பேச்சுதானே" என்றார். பழைய வட்டி முதல் நாளிலிருந்து மறுபடி கணக்கில் ஏறியது. வீட்டைக் கொடுத்து, கட்டிலைக் கொடுத்து, மகளுடைய படிப்பைக் கொடுத்து, நாங்கள் ஏறக்குறைய தொடங்கிய இடத்துக்கே வந்திருந்தோம். வீடு மட்டும் இல்லை.

மடத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு சனிக்கிழமை போகாததால் சிஸ்டரே தேடிக்கொண்டு வந்துவிட்டார். மழை பெய்து ஓய்ந்த நேரம். உடுப்பின் ஓரத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். உட்கார நாற்காலி இல்லை. மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டேன். பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தேன். மகள் அப்போதுதான் வேறொரு ஷெட்டில் வேலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்து, ஓரமாக நின்றாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனி என்ன செய்யணும் சிஸ்டர்?" என்று கேட்டேன். ஏதாவது சொல்வார் என்றுதான் கேட்டேன். அவர் எப்போதும் ஏதாவது சொல்வார்.

சாயாவைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எனிக்கு இனி ஒண்ணும் பறயான் இல்ல மோளே" என்றார். "நான் பறஞ்சு தந்த கணக்கெல்லாம் சரிதான். நூறு தடவை கூட்டி நோக்கியாச்சு. நிங்களோட கையில் வர்ற பணம் போதாது. அதைக் கூட்டித் தர்ற கணக்கு எனக்குத் தெரியாது."

அவர் கண் கலங்கியிருந்தது. என்னைவிடப் பெரியவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன், பரவாயில்லை சிஸ்டர், பார்த்துக்கொள்ளலாம் என்று. அடுத்த வருடம் அவரை இடுக்கிப் பக்கம் ஒரு மலை ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும் முன் நான் புதிதாகச் சேர்ந்திருந்த ஷெட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டார். ஐஸ் தண்ணீரில் இருந்த என் கையைத் துடைக்கக்கூட விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை கூட்டமும் அவரோடு முடிந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்கு யாரும் வழி சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எண்பதுகளின் பெரும்பகுதி வட்டி கொடுத்தே போயிற்று. வட்டியைக் கொடுக்க முடிந்த வாரங்கள் நல்ல வாரங்கள். மகள் ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு மாறினாள். அடுத்த வருஷம் என்று சொன்ன கல்லூரியைப் பற்றி ஒரு தடவை நான் ஆரம்பித்தபோது, "அதெல்லாம் விடுங்க அம்மா" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் என்னைப் படுத்தியது. இரண்டு வரன்கள் வந்தன. விசாரித்துவிட்டுப் பிறகு வரவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்து ஓய்வு வந்தது. ஆபீஸ் முற்றத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். என்னையும் மகளையும் முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். மாலை போட்டு, ஒரு குடையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். பேச வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். எப்படிப்பட்ட மனிதர், கேட்டவர் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர் என்றார்கள். கைதட்டினார்கள். அவர் மாலையோடு கூச்சமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மகள் கைதட்டாமல் மடியில் இருந்த குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டினேன். தட்டாமல் எப்படி இருப்பது?

அவருடைய கிராஜுவிட்டிப் பணத்தைத்தான் நாங்கள் உள்ளுக்குள் நம்பியிருந்தோம். அதை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மகளுக்கும் ஏதாவது செய்யலாமென்று. பல மாதம் நடந்து அது கைக்கு வந்தபோது இரண்டு ஜாமீனிலும் மீதியிருந்த பாக்கியைச் சொசைட்டிக்கு எடுத்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். செயலாளர் மாறியிருந்தார். புதியவர் எனக்கு ஒவ்வொரு வரியாகக் காட்டி விளக்கினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யாரும் எங்களை ஏமாற்றவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் அவர் தமிழில் போட்டார்.

கவரில் மிச்சமிருந்ததை அன்று சாயங்காலமே வட்டிக்காரருக்குக் கொடுத்தோம். அவருக்கும் வயதாகியிருந்தது, மூச்சு வாங்கியது. எண்ணிப் பார்த்துவிட்டு, "முதல் முடிஞ்சுது" என்றார். "வட்டி பாக்கி மட்டும் நிக்கும். அதுக்கு நான் வட்டி போடல. மெள்ளமாத் தாங்க."

அதை அவர் பெரிய சலுகையாகத்தான் சொன்னார். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. என் கணவர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பென்ஷன் வாடகைக்குச் சரியாக இருந்தது. கொஞ்ச நாளில் அவர் பஜார் ரோட்டில் ஒரு சுக்கு மண்டியில் காவல் வேலைக்குப் போனார். நானும் மகளும் ஷெட்டுக்குப் போனோம். ஒரு சனிக்கிழமை வழக்கம்போல் வட்டிக்காரர் வந்தார். மகள்தான் எழுந்துபோய் அந்த வாரப் பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.